சென்டரிங் என்ற பேர்

நான் செய்யும் வேலைக்குப் பேர் சென்டரிங். கான்கிரீட் கூரை இறுகும்வரை கீழே பலகை பரப்பி, சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துத் தாங்குவது. எங்கள் பக்கம் கொத்தனார், சித்தாள் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். அது இங்கிலீஷ் வார்த்தை என்றுகூட ரொம்ப நாள் தெரியாது.

முதலில் வயல்வேலைதான். எழுபதுகளில் ஒரு வருஷம் மழை இல்லை. வாலிகண்டபுரம் பக்கம் ஓடைப் பாலம் கட்ட ஆள் எடுத்தார்கள். நானும் என் மச்சினனும் போனோம். செங்கல் வளைவுப் பாலம். ஓவர்சீயர் தரையில் ஒரு ஆணி அடித்தார். அதில் கயிறு கட்டி, மறுநுனியில் குச்சியைப் பிடித்து அரைவட்டம் கீறினார். அந்த அளவுக்குத் தச்சர் பலகை அறுத்துச் சட்டம் கட்டினார். சட்டத்தின் மேல் கல் அடுக்கினோம்.

"இதுக்குப் பேர் என்னங்க சார்?" என்று கேட்டேன்.

"சென்டரிங்." ஆணியைக் காட்டினார். "இதான் சென்டர். வளைவுல எந்தக் கல்லும் இதுலேர்ந்து ஒரே தூரத்துல இருக்கணும். அந்த சென்டரை வச்சு அறுத்த சட்டம்ங்கிறதால வெள்ளைக்காரன் அப்படிப் பேர் வச்சான்."

"டவுன்ல மட்டக்கூரைக்கும் அதான் சொல்றாங்க. அங்க ஏதுங்க ஆணி?"

"வளைவு போச்சு, பேர் நின்னுடுச்சு. நீ கல்லை எடு."

வளைவு காய்ந்ததும் நடு உச்சிக்குக் கீழே சட்டத்துக்கு அடியில் செருகியிருந்த ஆப்பை முதலில் தளர்த்தச் சொன்னார். அப்புறம்தான் ஓரம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சில வருஷத்தில் நாங்களே சொந்தமாக சென்டரிங் எடுத்தோம். சிறுவாச்சூரில் ஒரு வாத்தியார் கான்கிரீட் கூரை போட்டு மெத்தை வீடு கட்டினார். மகள் கல்யாணத்துக்காகக் கட்டியது. மெத்தை வீட்டில்தான் தாலி கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்போதெல்லாம் சிமெண்ட் வாங்க சர்க்கார் பர்மிட் வேண்டும்; அது வருவது தாமதமானது. கூரை போட்டபோது கல்யாணத்துக்குப் பதிமூன்று நாள்தான் இருந்தது. இருபத்தோரு நாள் முட்டு நிற்க வேண்டும்.

வாத்தியார் தினமும் வந்து கூரைக்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்ப்பார். நான் பாலத்துக் கதையைச் சொன்னேன். மறுநாள் அகராதி பார்த்துவிட்டு வந்தார்.

"சென்டருக்கு முந்தி கிரேக்க பாஷையில ஒரு வார்த்தை இருந்திருக்குப்பா. கூரான முனைன்னு அர்த்தம். மாட்டைக் குத்துற தார்க்குச்சிக்கும் அதான் பேர். அப்புறம் வட்டம் போடக் குத்தி வைக்கிற முனைக்கு வந்து, அப்புறம் நடுவுக்கே பேராயிடுச்சு."

"தார்க்குச்சியா? நம்ம ஏர் ஓட்டுறவன் சங்கதியால்ல இருக்கு."

சிரித்தார். கூரை போட்ட பன்னிரண்டாம் நாள் சிரிப்பு இல்லை.

"பிரிச்சுடுப்பா. கூடம் முழுக்கக் கம்பா நிக்குது. மணவறை எங்க போடுறது?"

"இருபத்தோரு நாள் நிக்கணும் வாத்தியாரே. கூரை எறங்குனா கல்யாணத்துக்கு வந்தவங்க மேலதான்."

"பத்திரிகை கொடுத்தாச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நடுவில் ஒரு கம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிரிக்கலாம் என்றேன்.

மச்சினன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "மச்சான், பாலத்துல நடுவுலதான் மொதல்ல தளர்த்துனாங்க. நீங்க தலைகீழா சொல்றீங்க."

"அது பாலம்டா. இது கூரை."

பிரித்தோம். நடுக்கம்பில் மஞ்சள் துணி சுற்றி மாவிலை கட்டினார்கள். "மாப்ள, தாலியைப் பொண்ணு கழுத்துல கட்டு, கம்புல கட்டிடாத" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டேன். கூரை நின்றது.

இருபத்தோராம் நாள் அந்தக் கம்பையும் எடுத்தேன். மேலே ஏறிப் பார்த்தேன். கம்பு நின்ற இடத்துக்கு நேர் மேலே நாலு முழ நீளத்துக்கு ஒரு கீறல். இரண்டு பக்கமும் கூரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நடு இறங்காமல் நின்றதால் மேல்பக்கம் பிளந்துவிட்டது. மச்சினன் பார்த்தான். கீறல் மேல் விரலை ஓட்டிவிட்டு இறங்கிப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கூரைக்கு ஏற எங்கள் ஏணியை விட்டால் வேறு வழி இல்லை. நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இறங்கி வந்து வாத்தியாரிடம் சொன்னேன்.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "பொண்ணு நல்லபடியா புருஷன் வீட்டுக்குப் போயிட்டா. மேல யாரு ஏறிப் பாக்கப் போறா?"

"மழை பாக்கும்" என்றேன். "தப்பு என்னோடதுங்க. நானே சரி பண்றேன்."

கீறலை உளியால் அகலமாகக் கொத்தி, சிமெண்ட் வைத்து அடைத்தேன். மூன்று நாள் ஆனது. அதன்பிறகு எந்த வீட்டிலும் நடுவிலிருந்துதான் பிரிக்கிறேன். நாளும் குறைப்பதில்லை.

ஐப்பசியில் பெரிய மழை. மறுநாள் காலையில் பஸ் ஏறி சிறுவாச்சூர் போனேன். வாத்தியார் கூடத்து நடுவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒழுகலப்பா. உட்காரு."

நான் முதலில் மேலே பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்தேன்.