முத்துச் சரத்துக்குள் ஒரு பொட்டு

அந்த நாளை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. மலேசியாவில், லாபிஸ் ஊரில் மணப்பெண் அலங்காரம் செய்பவள் நான். அன்றுதான் முதன்முறையாக ஒரு சீனப் பெண்ணை அலங்கரித்தேன். சிவப்புப் பட்டில் தங்க நூலால் டிராகனும் ஃபீனிக்ஸும். தலையில் முத்துச் சரங்கள் தொங்கும் ஃபீனிக்ஸ் கிரீடம். அந்தக் காலத்துச் சீன மகாராணிகள் அணிந்ததாம். கல்யாணத்தன்று எல்லாப் பெண்ணும் ராணிதான்.

அழகைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் அவள் காதோரம் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டேன்.

"அக்கா, எங்க கல்யாணத்துல கறுப்பு ஆகாதே!" என்று மலாய் மொழியில் பதறினாள். துடைத்தேன், மை இன்னும் ஈஷிக்கொண்டது. வாசலில் மாப்பிள்ளையின் கார் ஹாரன் அடித்தது.

அவள் அம்மா உள்ளே வந்தார். தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் கடை வைத்திருந்தவர், தமிழ் பேசுவார். கறையையே பார்த்தார்.

"கண்ணு படக்கூடாதுன்னு வச்சியா?"

தலையாட்டினேன். அவர் என் லிப்ஸ்டிக்கை எடுத்து, கறுப்பின்மேல் சிவப்பாய் ஒரு பொட்டு வைத்தார்.

"கறுப்பு உன்னோடது, சிவப்பு எங்களோடது. இனி எந்தக் கண்ணும் படாது லா."

முத்துச் சரம் அதை மறைத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மை டப்பாவைத் திறக்கிறேன். அந்த லிப்ஸ்டிக்கை மட்டும் வேறு யாருக்கும் போட மனம் வரவில்லை.