முனியசாமி வெட்டிய கலுங்கு

எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி முனியசாமி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்வது அவர் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேருக்கு மடை திறக்கும் அன்று மட்டும் பிடிக்கும். சாயல்குடிக்கு வடக்கே, உப்பளத்துக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஊரில் வேறெப்படி இருக்கும்?

வறட்சி வருஷங்களுக்குப் பிறகு, அறுபத்தொன்றில் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாகக் கடலுக்கு ஓடியது. கலுங்கு கட்டியதே அதற்குத்தான். ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் ஊராக நடந்தவர்களுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. பனந்தடிகளைக் குறுக்கே போட்டு, மண்ணும் வைக்கோலும் திணித்துக் கலுங்கை அடைத்துவிட்டார்கள். முனியசாமியும் சேர்ந்துதான் மண் சுமந்தார்.

மறுநாளும் மழை விடவில்லை. கரையின் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. இது கலங்கல், உள்ளே மண் கரைகிறது. கரைக்கு நேர் கீழே வரிசையாகக் கூரை வீடுகள். முதல் வீடு அவர் தம்பி சித்திரவேலுவுடையது.

மண்வெட்டியோடு கலுங்குக்கு ஓடினார். தம்பிதான் கம்போடு மறித்தான்.

"கை வைக்காதண்ணே. இந்தத் தண்ணி போச்சுன்னா இனி எப்ப வரும்?"

"ஏலே, கரை கலங்கிக் கசியுதுடா! பிள்ளைகள அங்கன போட்டுட்டு இங்கன நிக்கிறியே!"

"நாலு கூடை மண்ணப் போட்டா நின்னுரும்."

நின்றாலும் நிற்கும். அதுதான் முனியசாமியை வதைத்தது. அவர் வயல் கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். அடைப்பை ஓங்கி வெட்டினார். தோளில் கம்பு விழுந்தது. மறுபடி வெட்டினார். அடைப்பு பிய்த்துக்கொண்டது. போன வேகத்தில் கலுங்கின் ஒரு பக்கச் சுவரையும் இழுத்துக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் பாதிக் கண்மாய் உப்பளத்தில் கிடந்தது.

கரை நின்றது. மழையும் அன்றோடு நின்றுபோனது. மார்கழியில் தூறல்கூட இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் கருகியது. ஊர் அவரை ஏசாத ஏச்சில்லை.

தையில் சித்திரவேலு குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு வேலைக்குப் புறப்பட்டான். முனியசாமி பஸ் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"கரை ஒடஞ்சிருந்தா, நீ சொன்னது சரின்னு ஒன்னையக் கும்பிட்டிருப்போம்ண்ணே," என்றான் தம்பி. கோபமில்லாமல்தான் சொன்னான்.

முனியசாமி மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றினார். பஸ்ஸுக்குள் தம்பி பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.