அண்ணி கை வைக்காத சர்வர்

என் அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. தான் பக்கத்தில் நின்றால்தான் ஒரு வேலை நடக்கும் என்றால், அது நடக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் என் அண்ணனுக்குச் சட்டை தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். முதல் சட்டை கருகியது. வாசனை வீடெல்லாம் பரவியும், அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து வரவில்லை. "கருகட்டும். இப்ப நான் போய் நின்னா, காலம்பூரா நான்தான் நிக்கணும்" என்றார். இன்றைக்கு அண்ணன் என் துணியையும் சேர்த்துத் தேய்க்கிறான். கேட்டால் தனக்குப் பிறவியிலேயே வந்த கலை என்று பீற்றிக்கொள்கிறான்.

அண்ணியின் தொழில் சர்வர் நிறுவுவது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில், மென்பொருள் ஓடத் தேவையான ஜாவாவை ஏற்றி, டாம்கேட் என்ற சர்வரை நிறுவி, யாரோ எழுதிய மென்பொருளை அதற்குள் உட்காரவைத்து, அவரவர் இடத்திலிருந்தே திரையில் பார்க்கும்படி செய்து கொடுப்பார். நான் வேலை பார்க்கும் ரத்த வங்கிக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. தேவை என்றால் சாதாரணத் தேவை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே ஓடி, குளிர்பெட்டியைத் திறந்து, எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று பார்த்துத் திரும்பி ஓடிவர வேண்டும். பதில் சொல்லி வைத்தவுடனே அடுத்த போன் அடிக்கும். இத்தனை வருடம் வேலை பார்த்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அண்ணியைப் பற்றிச் சொன்னதே நான்தான். சர்வரை நிறுவுகிறவருக்கே அதைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலையும் என்று பேச்சு. குளிர்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் கம்ப்யூட்டர், ஒரு மேஜை, சுழலும் நாற்காலி. எல்லாம் தயார். அதற்குள் அண்ணியின் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. பயந்த சுபாவம். அந்தப் பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கும் எந்தப் பேச்சு நல்லபடியாக முடிந்திருக்கிறது? "குழந்தை பொறந்தா மாசக்கணக்கா வரமாட்டீங்க. அப்ப இது நின்னுபோச்சுன்னா நான் யாரைத் தேடுவேன்? வேற ஆளைப் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

போன வருடம் முதுகுவலி என்று இவர் மாதக்கணக்கில் வீட்டில் படுத்திருந்தபோது ரத்த வங்கி என்ன இழுத்து மூடியா கிடந்தது? கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"நான் இல்லாம ஓடுமான்னுதானே டாக்டர் உங்க கவலை? புதன்கிழமை காலையில எல்லாருக்கும் முன்னாடி கரண்டை நிறுத்திட்டுத் திரும்பப் போடுங்க. நான் அந்த ரூமுக்குள்ளயே வரமாட்டேன். சர்வர் தானா எழுந்துச்சுன்னா நாற்காலி எனக்கு. இல்லைன்னா நீங்க சொல்ற ஆளுக்கு."

டாக்டர் தலையாட்டினார். வெளியே வந்ததும் நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வீறாப்பு? எழுந்திருக்கலைன்னா வேலையும் போச்சு, என் மானமும் போச்சு."

"வீறாப்பு என்ன வீறாப்பு? என் வேலையே அதுதான்" என்றார், பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டே.

அடுத்த சில நாட்கள் சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த அறையில் போய் உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்தேன். லினக்ஸில் ரூட் என்று ஒருவர் உண்டு. வீட்டுக்கே சொந்தக்காரர், எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில். டாம்கேட்டை அவர் பெயரில் ஓடவிடக் கூடாதாம். எவனாவது திருடன் அதன் வழியாக உள்ளே வந்தால் மொத்த வீடும் அவன் கையில் போய்விடும். அதனால் டாம்கேட்டுக்கென்று ஒரு தனிப் பயனரை உண்டாக்கி, சமையல்காரருக்குச் சமையலறைச் சாவியை மட்டும் கொடுப்பதுபோல, அதன் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தார். கம்ப்யூட்டர் விழித்ததும் அந்தப் பயனர் பெயரிலேயே டாம்கேட் தானாகக் கிளம்பும்படி எழுதிவைத்தார். கரண்டை நிறுத்திப் பார்த்தோம். எழுந்தது. இன்னொரு தடவை பார்த்தோம். எழுந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலை எல்லோரும் என் கவுன்டர் முன்னால் கூடினார்கள். எங்கள் எலக்ட்ரீஷியனை ஃபியூஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அன்றைக்குத் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். அண்ணி வராந்தா பெஞ்சில், வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபியூஸ் அண்ணன் சர்வர் அறைக்குப் போகும் கரண்டை நிறுத்தினார், பேட்டரி இணைப்பையும் பிடுங்கினார். கொஞ்சம் பொறுத்து எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்தார்.

என் திரையில் பக்கம் வரவில்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். வெள்ளைத் திரையும் நானும்தான். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தீங்களாம்மா? இதைத்தான் சொன்னேன். உங்க கை இல்லாம ஆகாது."

அண்ணி நிதானமாக எழுந்து உள்ளே போனார். திரையில் வந்த வரிகளைப் படித்தார். நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு சிரித்தாரே பார்க்கலாம்! என் மானம் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குச் சிரிப்பு.

"என் கை இல்லாததால இல்ல, டாக்டர். என் கை பட்டதாலதான் இது எழுந்திருக்கல" என்றார்.

நடந்தது இதுதான். காலையில் வந்ததும் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறார். ஓடுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில், ரூட்டாக இருந்தபடியே டாம்கேட்டைக் கையால் கிளப்பிப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அந்த ஒரு தடவையில், டாம்கேட் அன்றைக்குக் குறிப்பு எழுதப் புதிதாகத் தொடங்கிய கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகிவிட்டது; தனிப் பயனரால் அதில் எழுத முடியவில்லை. வீட்டுக்காரர் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு, சமையலறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். சமையல்காரர் கதவுக்கு வெளியே நிற்கிறார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருமே ஒரு தடவையாவது செய்யும் தப்பாம். இன்றைக்குத்தானா செய்ய வேண்டும்?

ஒரே ஒரு வரி தட்டினார். கோப்புகளெல்லாம் திரும்பவும் அந்தப் பயனர் பெயருக்கு வந்தன. அதோடு விடவில்லை. டாம்கேட்டைக் கிளப்பும் கோப்பைத் திறந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஏதோ சில வரிகள் சேர்த்தார். எழுதும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"இனிமே ரூட் கூப்பிட்டா இது எழுந்திருக்காது, டாக்டர். நானே கூப்பிட்டாலும்தான். இப்ப நிறுத்துங்க."

பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் தலையாட்ட, ஃபியூஸ் அண்ணன் நிறுத்தினார், போட்டார். நான் விரல் நகத்தைக் கடித்து முடிப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. எந்த வகை, எத்தனை பை, எது எப்போது காலாவதி என்று எல்லாம் பளிச்சென்று. நான் போட்ட சத்தத்தில் ரத்தம் கொடுக்க வந்து படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒருவரிடமும் சொல்லாமல் டாக்டரே போய் ஒரு தடவை கரண்டை நிறுத்திப் பார்த்திருக்கிறார். அதற்கும் எழுந்தது. சாயங்காலம் கிளம்பும்போது, "நாற்காலி உங்களுக்குத்தாம்மா. உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். பயந்தவர்தான், ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்.

குழந்தை பிறந்தது. பெண். மழைக்காலம் வந்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் சர்வர் தானாக எழுந்தது. நான் அண்ணியை ஒரு தடவைகூட வேலை விஷயமாகக் கூப்பிடவில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காராமல், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல என் கைப்பையை வைத்துக் காவல் காத்தேன்.

ஒரு நாள் அண்ணியே போன் செய்தார். "என்ன, ஒருத்தருக்கும் என் ஞாபகமே இல்லையா?"

"நீங்கதானே அண்ணி இப்படிப் பண்ணி வச்சீங்க?"

அவருக்கு வருத்தம்தான். எனக்கு அது புரிந்தது.

விடுப்பு முடிவதற்கு முன்பே, ஜாவாவின் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டும் என்று ஒரு சாக்கு கண்டுபிடித்துக் குழந்தையோடு வந்துவிட்டார். குழந்தையை என் தோளில் சாய்த்துவிட்டு, என் கைப்பையை எடுத்துக் கீழே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார். சர்வரை நிறுத்தினார், புது ஜாவாவை ஏற்றினார். பழக்க தோஷம், கை சும்மா இருக்குமா? ரூட்டாகவே டாம்கேட்டைக் கிளப்பும் கட்டளையைத் தட்டினார்.

டாம்கேட் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் தமிழில் ஒரு வரி வந்தது. புதன்கிழமை நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவரே எழுதிவைத்த வரி:

"உன்னை யார் கூப்பிட்டது? போய்க் குழந்தையைப் பார்."

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். என் தோளில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்தில் விழித்துச் சிணுங்க ஆரம்பித்தது.

"குடு அவளை. நீயே கம்ப்யூட்டரை அணைச்சுட்டுத் திரும்பப் போடு" என்றார்.

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி."

"தெரிய வேண்டியது ஒண்ணும் இல்ல."

அணைத்தேன், போட்டேன். கவுன்டரில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஏதோ ஆஸ்பத்திரி, அவசரமாக ஓ நெகட்டிவ் வேண்டுமாம். என் திரையில் பக்கம் வந்து நின்றது. "இருக்குங்க, வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு நடை போய் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். அண்ணி திரைக்கு முதுகைக் காட்டித் தன் நாற்காலியில் சாய்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். சர்வர் எழுந்ததா என்று என்னைக் கேட்கக்கூட இல்லை.