வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவருக்கு

அறிவியலையும் மொழிப்பாடத்தையும் சேர்த்து நடத்தினால் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் நன்றாகப் புரியும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தத் தீவில் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். மரைன் ஹில்லிலிருந்து தினமும் பஸ். வீடு போய்ச் சேரும்போது முதுகு கழன்றுவிடும். இதில் தமிழாசிரியரோடு உட்கார்ந்து ஒரே நோட்டை வேறு திருத்த வேண்டுமாம்.

தமிழாசிரியர் திருநெல்வேலிக்காரர். மெயின்லேண்டிலிருந்து வந்து பத்து வருஷமாகியும் கப்பல் டிக்கெட் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர். நல்ல மனிதர். டீ குடித்து முடிப்பதற்குள் வேலையைப் பிரித்துவிட்டோம். பிள்ளைகள் ஆளுக்கொரு தண்ணீர் நோட்டு போட வேண்டும். வீட்டுக்குத் தினமும் எத்தனை வாளி தண்ணீர் எடுக்கிறார்கள் என்று வலது பக்கத்தில் எழுத வேண்டும். இடது பக்கத்தில் அதைப் பற்றி நாலைந்து வரி. "நீங்க என் பக்கம் வராதீங்க சார், நானும் உங்க பக்கம் வரமாட்டேன்," என்றேன். சிரித்தார். சேர்த்து நடத்துவது என்பதை நாங்கள் அப்படித்தான் புரிந்துகொண்டோம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீடு. இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு நாலு வாளி என்று எழுதியிருந்தாள். மறுநாளும் நாலு. அதற்கடுத்த நாளும் நாலு. மற்றவர்களெல்லாம் பதினைந்து, இருபது என்று எழுதியிருக்க, இவள் அளக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறாள் என்று நினைத்தேன். கோபம் வந்தால் எனக்குத் தீவு இந்திதான் முதலில் வரும். "ஜூட் மத் போலோ, பொய் சொல்லாதே. நாலு வாளியில ஆறு பேர் குளிச்சு, துவைச்சு, சமைக்க முடியுமா? யாருக்குக் காது குத்தற?" என்றேன். மூன்று நாள் கணக்கையும் சிவப்பு மையில் அடித்து, 'சரியாக அளக்கவும்' என்று எழுதினேன். மறுநாள் பதினாறு வந்தது. பிறகு பதினேழு, பதினைந்து. அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டு டிக் போட்டேன்.

ஜனவரியில் எல்லா நோட்டையும் தொகுத்து, எந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எப்படி என்று ஓர் அறிக்கை எழுதினேன். பஞ்சாயத்தில் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். கோடையில் தண்ணீர் லாரி எங்கெங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்ய அது உதவியதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் அதையே பேசி எல்லோரையும் அறுத்தேன்.

மார்ச்சில் அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தார். பால்வெட்டு முடித்து நேரே வந்திருந்தார். விரல்களில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்க லயத்துக்கு லாரி வரலைங்க டீச்சர். கேட்டா, ஒங்க கெணத்துல தண்ணி இருக்குன்னு ஸ்கூல்லேருந்து எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொல்றாங்க. நீங்களாங்க எழுதுனது?"

"உங்க பொண்ணு கொடுத்த கணக்குதாம்மா அது."

"அவளா அப்பிடி எழுதுனா?"

பீரோவிலிருந்து நோட்டை எடுத்து வந்து பதினாறையும் பதினேழையும் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது. "இந்தப் பக்கம் என்னங்க இருக்கு?" என்று இடது பக்கத்தைத் தொட்டார். அதுவரை அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. வாசித்துக் காட்டினேன்.

'எங்கள் கிணற்றில் ஒரு வீட்டுக்கு நாலு வாளிதான் முறை. அதற்கு மேல் இறைத்தால் சேறு வரும். குளிக்கவும் துவைக்கவும் ஓடைக்குப் போவோம். டீச்சர் சரியாக அளக்கச் சொன்னார்கள். மறுபடியும் அளந்தேன். நாலுதான் வந்தது. அதனால் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.'

அதற்குக் கீழே பச்சை மையில், 'நடை நன்று', பத்துக்கு எட்டு.

தமிழாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "வலது பக்கத்தை நான் பாக்கவே இல்லையே டீச்சர்," என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த அம்மா மட்டும், "சரியாத்தானேங்க எழுதியிருக்கா," என்றார்.

அன்று மத்தியானமே நானும் தமிழாசிரியரும் பஞ்சாயத்துக்குப் போனோம். லாரி விவகாரத்தைப் பார்ப்பவர் என் அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பானி டீக் ஹை, தண்ணி சரியா இருக்குன்னு நீங்கதானே மேடம் சைன் போட்டிருக்கீங்க? மறுபடி அளந்து கொண்டாங்க," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அளவு வாளியோடு லயத்துக்குப் போனோம். நான் அளந்தேன், தமிழாசிரியர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதினார். புது அறிக்கை போய், லாரி லயத்து மேட்டில் ஏற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அந்தப் பெண் ஓடைக்குப் போய்விட்டு இரண்டாவது பீரியடுக்குத்தான் வந்தாள். நேரத்துக்கு வந்ததாகவே வருகைப் பதிவில் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மழைக்காலத்தில் புது நோட்டு போட்டோம். இந்த முறை இரண்டு பக்கத்தையும் இருவரும் படிப்பது என்று முடிவு. மழையை அளக்க மைதானத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்றை வைத்திருந்தோம். முதல் நாள் அந்தப் பெண்ணின் முறை. குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நன்றாகத்தான் பார்த்தாள். ஆனால் எழுதவில்லை. என்னிடம் கொண்டு வந்து நீட்டிவிட்டு, பென்சிலோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு வரணும் டீச்சர்?" என்று கேட்டாள்.