லூர்துமேரி அக்கா மிதிக்கச் சொன்ன மண்

லூர்துமேரி அக்கா இறந்த செய்தியை அவர் மகன் ஸ்டீபன் போனில் சொன்னபோது, என் தம்பி அருள் சமையலறைக் கதவைக் குத்திக்கொண்டிருந்தான். காலை ஏழரை. அக்கா வரும் நேரம் தாண்டிவிட்டிருந்தது.

"அம்மா தூங்குனவங்க எந்திரிக்கல டீச்சர்" என்றார் ஸ்டீபன். கதவு அதிர்ந்தது. "அருள் அண்ணன்தான? சத்தம் கேக்குது. மொதல்ல அவர பாருங்க."

தாயை இழந்து ஒரு மணி நேரம் ஆன மனிதர் எனக்குச் சொன்னது அதுதான்.

நம் தேவாலயப் பங்கில் உங்களில் பலருக்கு அக்காவை மரக்காணம் உப்பளத்தில் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் அங்கே உப்பு வாரியவர். ஆனால் கடைசி ஆறு வருடம் எங்கள் வீட்டில் அவர் பார்த்த வேலையைப் பற்றி அவரும் வெளியே பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அவர் பேசாதது அருளுக்காக. நான் பேசாதது வெட்கத்தால்.

அருளுக்கு முப்பத்தொன்பது வயது. பேச்சு வரவில்லை. மூட்டை தூக்குகிறவரின் உடம்பு, மூன்று வயதுக் குழந்தையின் அறிவு. கோபம் வந்தால் அடிப்பான், கடிப்பான். அம்மா இருந்தவரை அம்மா வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குப் பிறகு, நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி ஏஜென்சி ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். முதலில் வந்தவர் கடிபட்ட கையோடு இரண்டாம் நாளே பஸ் ஏறினார். அடுத்தவர் போகவில்லை. ஒரு மத்தியானம் சீக்கிரம் திரும்பி வந்தபோது, அருளை ஜன்னல் கம்பியோடு வேட்டியால் கட்டிவிட்டு அந்த மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அருளின் மணிக்கட்டில் தோல் உரிந்து தொங்கியது. "கட்டாம எப்படிம்மா பாக்கறது?" என்று என்னையே கேட்டார். இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்றில் விசாரித்தேன். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம் என்றார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் அக்கா வந்தார். உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை இல்லை. வந்த அன்றே அருள் அறைந்ததில் அவருக்கு ஒரு பல் போயிற்று. வாசலில் இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இவருக்கு கவர்மெண்டு குடுக்கிற பணமும் என் சம்பளத்துல சேருது இல்ல? அப்ப இவருதான் என் மொதலாளி. உப்பளத்து மொதலாளி வாயால அடிப்பாரு, இவரு கையால அடிக்கிறாரு. அவ்ளோதான் டீச்சர்."

மறுநாள் அருள் கையை ஓங்கியதும் அவனைப் பின்பக்கம் இழுத்துப் போனார். மண்ணில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார். உப்பு விளைவிக்கும் முன் பாத்தியின் களிமண்ணை நனைத்து இப்படித்தான் மிதிப்பார்கள். தரை இறுகினால்தான் உப்புத்தண்ணீர் கீழே வடியாமல் நிற்கும். "மிதிடா மொதலாளி! கைக்கு வந்த கோவத்த காலுக்கு எறக்கு!" முக்கால் மணி நேரம் மிதித்த அருள், வியர்வை ஒழுக உட்கார்ந்துவிட்டான். அக்கா அவன் காலைக் கழுவிவிட்டார்.

தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கியும் அவர் அங்கே திரும்பவில்லை. உப்பளக் கூலியையே நான் தருவதென்று பேச்சு. உப்பள வழக்கமும் கூடவே வந்தது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் வருடம் அக்கா வேளாங்கண்ணிக்கு நடந்து போனார். பத்து நாள் லீவு போட்டு அருளை நான் பார்த்தேன். அவன் மிதித்துவிட்டு வந்த காலால் வீடெல்லாம் சேறு, கட்டிலில் சேறு. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்பக்கம் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டேன். அக்காவுக்கும் வேலை குறையும் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வந்த அன்று உச்சிவெயில். அருளுக்குக் கோபம் ஏறியதும், வழக்கம்போல் அவனே பின்பக்கம் ஓடினான். சிமெண்டில் காலை வைத்தான், மிதித்தான். தரை கொதித்தது, இளகவில்லை. பின்னாலேயே ஓடிவந்த அக்காவின் மேல் திரும்பினான். ஒரே தள்ளில் அவர் கை மடங்கி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். நான் துணி காயும் கொடிக்கம்பியைத் தாங்கிய இரும்புக் குழாயைப் பிடுங்கி என் தம்பியின் முதுகில் அடித்தேன். அவன் அக்காவை விட்டு எழுந்த பிறகும் அடித்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கீழே கிடந்த அக்கா நல்ல கையால் என் கணுக்காலைப் பிடித்தார். "இன்னொரு அடி உழுந்துதுன்னா நாளையிலர்ந்து நான் வரமாட்டேன். நீயே கட்டி வெச்சிக்க."

குழாயைப் போட்டேன்.

மாதக் கடைசியில் மாவுக்கட்டோடு இருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சம்பளம் கொடுத்தேன். வராத நாட்களைக் கழித்துக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை.

"மழ பேஞ்சா கூலி இல்ல, சரி. அது வானம் பண்றது. என் கைய ஒடச்சது வானமா டீச்சர்?"

எம்.ஏ., பி.எட். படித்தவள் தலைகுனிந்து நின்றேன்.

"அடி வாங்குறதும் இந்த வேலதான். படுத்துக் கெடக்கிற நாளுக்கும் சேத்துக் குடு. அப்பறம் ஒரு கடப்பாரை வாங்கு."

முழுச் சம்பளமும் கொடுத்தேன். மறுநாள் அவர் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார, நான் சிமெண்டை உடைத்தேன். உள்ளங்கை கிழிந்தது. அருளை அடித்த அதே வெறியோடு தரையை அடித்தேன். "அப்படித்தான், போடு! மண்ணு வாங்கிக்கும்!" என்று அக்கா கத்த, அருள் கைதட்டினான்.

அடக்கத்துக்கு அருளையும் கூட்டிப் போனேன். குழியை மூடியதும் என் பிடியை உதறிக்கொண்டு ஓடி, ஈர மண்ணில் ஏறி மிதிக்கத் தொடங்கினான். "சமாதி மேல மிதிக்கிறான் பாரு, பைத்தியக்காரப் பய!" என்று ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தார். அருள் முஷ்டியை மடக்கினான். என் கையும் எழுந்தது. அது இருவரில் யாரை அடிக்க எழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீபன் நடுவில் வந்து நின்றார். "உடுங்க. எங்கம்மா கத்துக்குடுத்தது. மிதிக்கட்டும்." செருப்பைக் கழற்றிவிட்டு அருளின் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் மிதித்தார். நானும் செருப்பைக் கழற்றினேன். அங்கே இருந்தவர்களில் சிலர் இதை இன்னும் மன்னிக்கவில்லை என்று அறிவேன். நாங்கள் ஏன் மிதித்தோம் என்று இப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது வேறொரு பெண் வருகிறார். வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் சம்பளம் உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். மாலையில் அந்தப் பெண் வீட்டுக்குப் போன பிறகு, அருள் என்னை அடிக்கும் நாளில், அவனை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறேன். நாலு குடம் தண்ணீர். என் கைக்கு வந்ததையும் சேர்த்தே இறக்குகிறேன். உப்பளத்தில் வெடித்த அக்காவின் குதிகால்களைப் போல என் குதிகால்களும் வெடித்துவிட்டன. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அவைதான்.