ஆறு பேரும் நிறுத்திய இடம்

ஆர்கெஸ்ட்ரா என்றால் சேலத்தில் ஆடிப் பண்டிகைக்கு மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள். நான் ஆராய்ச்சி செய்தது அதுவல்ல. ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து வயலின், அதைவிடப் பெரிதாய்க் கனத்த குரலில் ஒலிக்கும் செல்லோ, ஊதுகருவிகள் என்று ஒரே நேரத்தில் வாசிக்கிற மேல்நாட்டு இசை. அத்தனை சத்தத்துக்குள் மெட்டு எது என்று கணினி தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அயோத்தியாப்பட்டணம் தாண்டியிருந்த எங்கள் கல்லூரியில் இதைச் சொன்னபோது சிரிக்காதவர் என் நெறியாளர் ஒருவர்தான்.

கணினி சொல்வது சரியா என்று பார்க்க மனிதர்கள் வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டபடியே அவர்கள் மெட்டை மட்டும் சொல்லில்லாமல் பாட வேண்டும். அதைப் பதிவு செய்து, மெட்டின் ஏற்ற இறக்கமாகக் கணினி வரைந்த கோட்டோடு பொருத்திப் பார்ப்போம். மற்ற இடங்களில் இதற்கு இசை படிக்கிற மாணவர்களை உட்காரவைப்பார்கள். நான் அம்மாபேட்டையில் என் அம்மா வேலை பார்த்த விசைத்தறிப் பட்டறைக்குப் போனேன்.

வேறு ஆள் கிடைக்காமல் போனேன் என்று நினைத்தால் அது பாதிதான் உண்மை. இருபது தறிகள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலில் கடைசி வரிசைத் தறி ஒன்றின் அடி லேசாக மாறினால் அம்மா திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அதற்குள்ளேயே அங்குள்ள பெண்கள் பாடவும் செய்வார்கள். தன் குரல் தனக்கே கேட்காது என்பதால் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, அதிர்வைத் தொட்டுப் பார்த்துச் சுருதி பிடிப்பார்கள். இந்தக் காதுகளை விட்டுவிட்டு நான் வேறு எங்கே போவது?

மாதாந்திர மின்தடை நாளில் மடிக்கணினியும் மைக்கும் கொண்டுபோனேன். அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்கள். ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்று ஒவ்வொருவராகத்தான் உள்ளே அழைத்தேன். பட்டறைப் பழக்கத்தில் முதல் ஆள் கத்திய கத்தலில் பதிவே கெட்டுப்போனது. மைக்கை நாலடி தள்ளி வைத்தேன். தறி ஒன்றுகூட ஓடவில்லை, ஆனாலும் ஆறு பேரும் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டுதான் பாடினார்கள்.

ஒரு ஒலிப்பதிவில், நடுவே செல்லோக்கள் மெட்டை அப்படியே விட்டுவிடும். வயலின்கள் மட்டும் சலசலத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஆறு பேரும் நிறுத்தினார்கள். அம்மா ஒரு படி மேலே போய், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நூல் அறுந்துபோச்சு பார் என்று மடிக்கணினியைக் காட்டினார். ஓடுகிற சத்தம் மாறினால் நூலைத் தேடுகிற கை அவருடையது. எதுவும் அறுபடவில்லை, இசை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.

"ஓடட்டும் சாமி. பாட்டே இல்லாத எடத்துல என்னத்தப் பாடச் சொல்ற?" என்றார்.

என் நிரல் அந்த இடத்தில் நிறுத்தவே இல்லை. வயலின் சலசலப்பிலிருந்து இல்லாத மெட்டை எடுத்து வெகு நேர்த்தியாகக் கோடு போட்டிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மெட்டு இல்லையென்றால் சும்மா இரு என்று அதற்குக் கற்றுக்கொடுக்க நான்கு மாதம் பிடித்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் மேல்நாட்டு இசை படித்தவர். என் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பெண்கள் மெட்டைத் தவறவிட்டுத்தான் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்றார். தறி ஓட்டுகிறவர்களை வைத்துக் கணினியைச் சோதிப்பது ஆராய்ச்சி ஆகாது, ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு இசைப் பயிற்சி உள்ளவர்களை வைத்துத் திரும்பச் செய்யுங்கள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நெறியாளர் கண்ணைக் காட்டி அடக்கப் பார்த்தார். நான் அடங்கவில்லை. ஹெட்போனை எடுத்துத் தேர்வாளர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே பாடிக் காட்டுங்க சார். அந்த எடத்துல என்ன வருதுன்னு பாத்துருவோம்."

பட்டம் போயிற்று என்றே நினைத்தேன், போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நேர்மையான மனிதர்தான். என் ஆறு பேரைவிடச் சுத்தமாகவே பாடினார். அந்த இடம் வந்தது. நிறுத்தினார். சிறிது நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

அத்தியாயத்தை எடுக்கச் சொல்வதை விட்டுவிட்டார். ஆனால் திருத்தப் பட்டியலின் கடைசியில், அந்த ஆறு பேரை 'பயிற்சியற்றவர்கள்' என்று குறிப்பிட வேண்டும் என எழுதியிருந்தார். மற்ற திருத்தங்களை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், காற்புள்ளி உட்பட. அதை மட்டும் தொடவில்லை. அவர் கவனித்தாரா, கண்டும் விட்டுவிட்டாரா தெரியாது, கையெழுத்துப் போட்டார். 'இரைச்சலுக்குள் கேட்டுத் தேர்ந்த ஆறு தறித் தொழிலாளர்கள்' என்றுதான் அச்சாகிக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. வேண்டுமானால் யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.