கூப்பிடு தூரம்

சந்திரகலா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலூருக்கும் விழுப்புரத்துக்கும் ட்ரங்க் கால் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. நாள் முழுக்க ஊரான் ஊரானோடு பேசுவான். நடுவில் லைன் அறுந்தால் மட்டும் எங்கள் ஞாபகம் வரும், அதுவும் திட்டுவதற்கு. நான் திருப்பித் திட்டிவிடுவேன். அவள் திட்ட மாட்டாள். "சார், திரும்பப் போட்டுத் தர்றேன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு அருணகிரி: அருணகிரி ஸ்டோர்ஸ், அருணகிரி அரிசி மண்டி, அருணகிரி டெய்லர். அவளுடைய வீட்டுக்காரர் பெயரும் அருணகிரி. சைக்கிள் கடை வைத்திருந்தார். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், அதனால் இந்தக் கடைகளையெல்லாம் நம்பரால்தான் சொல்வாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் சொல்வேன். பட்டணத்து உத்தியோகம் பார்க்கிறவளுக்கு இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "இருந்துட்டுப் போவட்டும் சரசு" என்பாள். அவ்வளவுதான்.

அந்த விளையாட்டு எங்கள் ஊருக்கு வந்தது எண்பத்து மூன்றில். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர், மழைக்கு ஒழுகுகிறது என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த என் அண்ணன் கோதண்டராமனின் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தார். தியானம் செய்ய வந்த மனிதர் பெட்டி நிறையப் பகடைக் காய்களோடு வந்திருந்தார். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக அந்தக் கதைக்குள் போக வேண்டும். அடி விழுந்ததா தப்பித்தோமா என்பதைப் பகடை சொல்லும். அண்ணன் மயங்கிவிட்டார். ஆஸ்திரேலியாக்காரர் ஊருக்குப் போகும்போது புத்தகத்தையும் பகடையையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஞாயிறு மத்தியானம் தோறும் லாட்ஜ் மொட்டை மாடியில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே, நாங்கள் நாலு பேர். நான், அண்ணனின் சிநேகிதர் ராஜேந்திரன் வாத்தியார், அருணகிரி, அவரோடு சந்திரகலா. கதை நடத்துவது அண்ணன். அவருடைய மேஜைக்கு ஒரு சட்டம்: கதைக்குள் யாருடைய ஆள் சாகிறானோ அவர் எழுந்து போக வேண்டும். அந்தக் கதை முடியும் வரை திரும்ப உட்கார முடியாது. கதையோ வருஷக்கணக்கில் ஓடுகிற கதை. காலியாகும் நாற்காலிக்காக அண்ணனுடைய மச்சான் மூர்த்தி ஒவ்வொரு வாரமும் வந்து தண்ணித் தொட்டியில் சாய்ந்துகொண்டு நிற்பான், பிணம் விழக் காத்திருக்கிறவன் மாதிரி.

சந்திரகலாவுக்கு அந்த நாற்காலி என்னவாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். வாரம் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு ஒயர் சொருகுகிறவள். வீட்டில் மாமியார் காசியம்மாள் சொல்வதுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் மட்டும் "நீ இன்னா பண்றே சந்திரகலா?" என்று கேட்டுவிட்டு நாலு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் முகம் அப்போது மாறும். புருஷனோடு போவதால்தான், என்ன ஆட்டம் என்று கேட்காமல், மாமியார் விட்டிருந்தார். அருணகிரி எழுந்தால் அவளும் எழ வேண்டியதுதான்.

புத்தகத்தில் ஆளாக இருக்கச் சில இனங்கள் இருந்தன. காது கூர்த்தவர்கள், தாடி வைத்த குள்ளர்கள், இப்படி. ராஜேந்திரன் அதை "ஜாதி" என்று மொழிபெயர்த்தார். "அது கீழே ரோட்டுல இருக்கிறது போதும், இங்க வேணாம்" என்றாள் சந்திரகலா. அப்போதிலிருந்து இனம். நான் குள்ளன். தாடிகூட இருந்தது. அவளுக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை.

ஒரு நாள் வந்து, "நானே ஒரு இனம் பண்ணலாமா அண்ணா?" என்றாள்.

அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "பண்ணு. ஆனா மத்தவங்களைவிட பலம் ஜாஸ்தியும் இருக்கக் கூடாது, கம்மியும் இருக்கக் கூடாது. மூணு தரம் ஆடிப் பார்ப்போம். நிக்கலைன்னா கிழிச்சிப் போட்டுருவேன்."

அவள் பிறந்தது அடி அண்ணாமலை. அங்கே மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவர் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இவள் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அப்பா கையில் காப்பு இருந்தது. கூப்பிடுகிற தூரத்தில் ஊர், ஆனாலும் வரவில்லை. காப்பை அவிழ்த்த பிறகுதான் வந்து முகம் பார்த்தார். அதிலிருந்து எடுத்தாள் தன் இனத்தை. எல்லையார் என்று பெயர் வைத்தாள். எல்லையார் ஒரு இடத்தை வெறுங்காலோடு சுற்றி வந்து, "இதை முடிப்பேன்" என்று சொல்லிக் காப்புக் கட்டினால், அந்த வட்டத்துக்குள் அவருக்கு இரட்டைப் பலம், பட்ட காயம் ஆறும். ஆனால் சொன்னதை முடிக்கும் முன் வட்டத்தைத் தாண்டினால் செத்தார்.

முதல் ஞாயிறு. கெடுத்தது அவள் வீட்டுக்காரர்தான். ஒத்திகைக்காக எல்லையார் ஆளை அவரிடம் கொடுத்தோம். கதையில் ஒரு மலை இருந்தது. மனிதர் என்ன செய்தார்? மலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"முழுசாவா?" என்றார் அண்ணன்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்துறவனுக்கு இது ஒரு வேலையா? சுத்தியாச்சு. இப்ப மலையே என் வட்டம். எவன் வரான் வரச் சொல்லு" என்றார் அருணகிரி.

எதிரிப் படை மொத்தமும் அவரிடம் மிதிபட்டுச் செத்தது. எங்களுக்கு வேலையே இல்லை. இந்த ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் இப்படி ஒரு குறுக்குப் புத்தி வரும். அண்ணன் காகிதத்தைக் கிழிக்கக் கையை நீட்டினார். சந்திரகலா அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "வட்டம் கூப்பிடு தூரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வெச்சிக்கலாம். நடுவுல நின்னு கூப்பிட்டா ஓரத்துல கேக்கணும். அவ்ளோதான் எல்லை."

இரண்டாம் ஞாயிறு தலைகீழ். வட்டம் சின்னதானதும் எதிரிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லையார் நின்ற இடத்திலேயே நின்றார். "இது ஆளா, மைல்கல்லா?" என்றார் ராஜேந்திரன். மூர்த்தி தொட்டி ஓரம் சிரித்தான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "இவரால போக முடியாது. ஆனா கூப்பிடலாம் இல்ல? கூப்பிடு தூரத்துல கூட்டாளி விழுந்து கிடந்தா, எல்லையார் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அவன் எழுந்து வட்டத்துக்குள்ள வந்துருவான். ஒரு ஆளுக்கு ஒரு தரம். கூப்பிட்ட எல்லையாருக்கு பலத்துல கால் பங்கு போயிரும்."

"சும்மா 'ஏய்'னு கூப்பிட்டா?" என்றார் அண்ணன்.

"எழுந்து வர மாட்டான். பேர்தான் சொல்லணும்."

"வாயால? இந்த மேஜையில? எங்களுக்குக் கேக்குற மாதிரி?"

"ஆமா" என்றாள். அண்ணன் அதை எழுதி அவளிடம் கையெழுத்தே வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு திருப்தி ஓடியதை நான் பார்த்தேன். அவர் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாரா என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்வார்.

மூன்றாம் ஞாயிறு நாங்கள் மேலே போனபோது கூடவே காசியம்மாளும் மாடிப்படி ஏறி வந்தார். மகனும் மருமகளும் லாட்ஜில் பகடை உருட்டுகிறார்கள் என்று எவளோ பற்றவைத்திருக்கிறாள். பகடை என்றால் சூது, சூது என்றால் குடி முழுகும். கிழவி மூச்சு வாங்க ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆடுங்க. நானும் பாக்குறேன், இன்னாதான் ஆடுறீங்கன்னு" என்றார்.

இன்று ஏதாவது ஒன்று பிசகினால் அடுத்த ஞாயிறு சந்திரகலா கிடையாது.

கதை ஒரு ஏரிக்கரை. மதகை உடைத்து ஊரை மூழ்கடிக்க ஒரு கூட்டம் வருகிறது. சந்திரகலாவின் எல்லையார் மதகைச் சுற்றி வந்து, விடியும் வரை காப்பேன் என்று காப்புக் கட்டினார். என் குள்ளன் ஆரம்பத்திலேயே தலையில் அடிபட்டு மதகடியில் மயங்கிக் கிடந்தான். ராஜேந்திரனும் அருணகிரியும் வேவு பார்க்கப் போனார்கள்.

காசியம்மாள் வாத்தியாரை நோண்டிக்கொண்டே இருந்தார். "இதுல எவன் எம்புள்ள?"

"அருணகிரிதாங்க. அவரு ஆளுக்கும் அதே பேர்தான்."

சுத்த மண்டு அந்த மனிதர். ஆளாளுக்கு வீரன், சூரன் என்று பெயர் வைக்க, இவர் தன் பெயரையே வைத்துக்கொண்டார், மறக்காமல் இருக்குமாம்.

அண்ணன் அன்று இரக்கமே இல்லாமல் உருட்டினார். முதலில் ராஜேந்திரன் விழுந்தார். "வீரா!" என்று அவர் ஆளின் பெயரைச் சொல்லிச் சந்திரகலா கூப்பிட்டாள், கணீரென்று. அவர் எழுந்து வட்டத்துக்குள் வந்து சேர்ந்தார், இனி வெளியே போய்ச் சண்டை போடத் தெம்பில்லாமல். அவள் பலம் கால் பங்கு குறைந்தது. இனம் வேலை செய்கிறது! எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்த உருட்டில் அருணகிரியின் தொடையில் ஈட்டி பாய்ந்தது. பனைமரத்தடிச் சேற்றில் விழுந்தார்.

"மரம் எங்க இருக்குது?" என்றாள் சந்திரகலா.

"உன் வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே" என்றார் அண்ணன். "அவன் முனகுறது உனக்குக் கேக்குது. மூணு பேர் கத்தியோட வரானுங்க. நீ இன்னா பண்றே சந்திரகலா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். அன்று தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாண்டினால் அவள் சாகிறாள். நின்றால் அவர் சாகிறார், அவரோடு அவளும் வீட்டுக்குப் போகிறாள். மூன்றாவது வழி அவள் கையெழுத்துப் போட்டு மேஜையில் கிடந்தது.

"ஏங்க!" என்றாள்.

"செல்லாது."

"சைக்கிள் கடைக்காரரே!"

"அது தொழிலு. பேர் இல்ல." அண்ணன் பகடையை உருட்டினார். "ஒருத்தன் கிட்ட வந்துட்டான்."

ராஜேந்திரன் பொறுக்காமல், "இன்னாய்யா இது, வீட்டுக்காரர்னா 'ஏங்க'ன்னா போதும்னு ஒரு வரி மாத்திக்கலாமே" என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

சந்திரகலாதான் தலையாட்டினாள். "வேணாம் சார். ராஜேந்திரனுக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணா? அப்புறம் இது நிக்காது." குரல் நடுங்கியது. நெற்றி வேர்வை பொட்டை அழித்துக்கொண்டு வழிந்தது. மாமியார் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அருணகிரி தலையைக் குனிந்தபடி மேஜை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

பகடை திரும்ப உருண்டது. "ரெண்டாமவனும் வந்துட்டான். கத்தியைத் தூக்கிட்டான்."

மூர்த்தி தொட்டியை விட்டு நிமிர்ந்து நின்றான்.

சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள், கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

அண்ணன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "இது பனைமரம் வரைக்கும் கேக்காது" என்றார். பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கத் தொடங்கினார்.

நாற்காலி கரகரவென்று இழுபட்டது. காசியம்மாள் எழுந்து நின்றிருந்தார். மடியில் இருந்த வெற்றிலையெல்லாம் தரையில். சந்திரகலாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னாடி முணுமுணுக்கிறே? புள்ள அங்க சாவுறான்! உரக்கக் கூப்புடுடி!"

"அருணகிரி!" என்று அவள் கத்தினாள்.

மொட்டை மாடி அதிர்ந்தது. கீழே ரோட்டில் சைக்கிளில் போன யாரோ ஒருவர் காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தார். அண்ணன் குலுக்குவதை நிறுத்திப் பகடையை மேஜை மேல் வைத்தார்.

அருணகிரி தலை நிமிர்ந்தார். அந்த மண்டு மனிதரின் கண் நிறைந்திருந்தது. அவர் எழுந்தார், நிஜமாகவே, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டேன்" என்றார்.

அண்ணன் பென்சிலை எடுத்து அவளுடைய பலத்தில் இன்னொரு கால் பங்கை அடித்தார். "ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல" என்றார், காகிதத்தைப் பார்த்தபடியே. மூர்த்தி திரும்பத் தொட்டியில் சாய்ந்துகொண்டான்.

காசியம்மாள் தரையில் கிடந்த வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டே, "விடியறதுக்கு இன்னும் எத்தினி நேரம் இருக்குது?" என்று கேட்டார். அவர் கேட்டது கதையில்.